இளஞ்சிவப்புச் சீட்டும் வராத பேருந்தும்



தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2019 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. பேருந்தில் ஏறிய பெண்ணுக்கு நடத்துநர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சீட்டு வழங்கினார். அதன் மதிப்பு 10 ரூபாய். எத்தனை சீட்டுகள் வழங்கப்பட்டனவோ, அத்தனைக்கும் உரிய தொகையை அரசு ஈடுசெய்தது. 2023 தொடக்கத்திலேயே சீட்டுகளின் எண்ணிக்கை 100 கோடியை எட்டிவிட்டது. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும் ஓக்லா தையற்கூடங்களின் பெண் தொழிலாளர்களுக்கும் இது கூலியில் ஒரு பகுதியை மிச்சப்படுத்திய திட்டம்.

மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் எந்தத் திட்டமும் தணிக்கைக்கு உட்பட்டதே. அதில் இடதுசாரிகளுக்கு இருவேறு கருத்து இல்லை. ஆனால் எதை எண்ணித் தணிக்கை செய்வது?

தில்லி போக்குவரத்துக் கழகம் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2022 மார்ச்சுடன் முடிந்த காலத்தைப் பற்றிய அறிக்கை அது. மூன்றாண்டுகள் கழித்தே மக்கள் மன்றத்திற்கு வந்தது. இந்தத் தாமதத்திற்கு அன்றைய ஆம் ஆத்மி அரசு பதில் சொல்லியாக வேண்டும். திரண்ட நட்டம் 2015-16இல் சுமார் 25,300 கோடி ரூபாய்; 2021-22இல் 60,700 கோடிக்கும் மேல். நாளேடுகள் இந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. இலவசப் பயணமே கழகத்தை மூழ்கடித்தது என்ற பேச்சும் உடனே கிளம்பிற்று. அரசு தந்த பழைய கடனுக்கு அரசுக்கே செலுத்த வேண்டிய வட்டி ஆண்டுதோறும் ஏறிக்கொண்டு வந்ததே இந்த நட்டத்தின் பெரும்பகுதி என்பது அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. 2009க்குப் பிறகு கட்டணம் திருத்தப்படவில்லை. குளிர்சாதனப் பேருந்தில் 25 ரூபாய்த் தூரம் செல்லும் பெண்ணின் பயணத்திற்கும் கழகத்துக்குக் கிடைத்தது அதே 10 ரூபாய்தான்.

அறிக்கையின் உள்ளே வேறு எண்களும் உள்ளன. 814 வழித்தடங்களில் 2022 மார்ச் இறுதியில் பேருந்து ஓடியது 468இல் மட்டும். 2015-16இல் 4,344 ஆக இருந்த பேருந்துகள் 2022-23இல் 3,937 ஆகக் குறைந்தன. அவற்றிலும் 1,770 பேருந்துகள் ஆயுட்காலம் கடந்தவை. உழைக்கும் பெண்களின் நோக்கில் அறிக்கையின் மிக முக்கியமான பக்கங்கள் இவை. ஓடாத வழித்தடத்தில் யாருக்கும் சீட்டு கிடைக்காது. ஒரு மணி நேரம் காத்திருந்து, பகிர்வு ஆட்டோவில் காசு கொடுத்துச் சென்ற பெண் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பெண்கள் மட்டும் நிற்பதைக் கண்டு நிறுத்தாமல் சென்ற பேருந்துக்கும் பதிவு கிடையாது. சீட்டை மட்டும் எண்ணும் தணிக்கை, ஏறியவர்களை அறியும். ஏற முடியாதவர்களை அறியாது.

2025இல் ஆட்சிக்கு வந்த பாஜக அரசு, சீட்டு வழங்குவதில் ஊழல் என்று கூறி, தில்லியில் வசிப்பதற்குச் சான்றுள்ள பெண்களுக்கு மட்டும் மின்னணு அட்டை என்று அறிவித்தது. பயணி இல்லாமலே சீட்டுகள் பதிவாக வாய்ப்பு உண்டு என்பது உண்மையே. அட்டையைத் தொட்டுப் பயணத்தைப் பதிவு செய்வதில் தவறும் இல்லை. ஆனால் சீட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் முறைகேட்டுக்கும் பயணியின் முகவரிக்கும் என்ன தொடர்பு? லோனியிலும் நொய்டாவிலும் வாடகை அறைகளில் வாழ்ந்துகொண்டு தில்லியின் வீடுகளைத் துடைக்கும் பெண்களின் ஆதாரில் பீகார் முகவரியோ உத்தரப்பிரதேச முகவரியோ இருக்கும். தில்லிக்குள்ளேயே வசித்தும் வாடகை ஒப்பந்தம் கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். முறைகேட்டைக் களைவதாகச் சொல்லி இவர்களைக் களைவதற்குப் பெயர் தணிக்கை அன்று.

ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபையிடம் அளித்தது. மேகாலயா 2017இல் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. தில்லிப் பேருந்துகளுக்கும் இந்த முறை பொருந்தும். ஒவ்வொரு பணிமனையும் திட்டமிட்ட நடைகள் எத்தனை, ஓடியவை எத்தனை, பழுதாகி நின்றவை எத்தனை என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். அந்தப் பதிவேட்டை அந்தந்த வழித்தடத்தின் பயணிகள் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். மாதர் அமைப்புகளும் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்களும் அங்கே இருக்க வேண்டும். ஓட்டுநர், நடத்துநர் சங்கங்களும்தான். பேருந்து ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு, குறித்த நேரத்தில் நடையை முடிக்கச் சொல்லி ஒப்பந்தத் தொழிலாளியை நெருக்குவது யார் என்ற விடையும் அந்தக் கூட்டத்தில்தான் வெளிவரும். ஓடாத 346 வழித்தடங்களின் பட்டியலிலிருந்து அந்தக் கூட்டங்களைத் தொடங்கலாம்.