மூன்று வாரக் கெடுவும் ஒரு சொட்டு ரத்தமும்

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆகவே காதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிறந்ததும் செய்த செவித்திறன் சோதனையில் தேறிய குழந்தைக்கு, மூன்று வயதில் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வருகிறது. சொந்தத்தில் கட்டியதால் என்பார் ஒருவர், கிரகணத்தன்று வெளியே போனதால் என்பார் இன்னொருவர். முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவதில் துளியும் இல்லை. யாரும் நினைத்துப் பார்க்காத காரணம் ஒன்றும் உண்டு: சைட்டோமெகலோ வைரஸ்.

கருவிலேயே தொற்றும் வைரஸ்களில் மிகப் பரவலானது இதுதான். அமெரிக்காவில் ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இத்தொற்றுடன் பிறக்கிறது. அவர்களில் பத்தில் ஒருவருக்கே மஞ்சள் காமாலை, சிறுத்த தலை, தோலில் செம்புள்ளி என்று அடையாளம் தெரியும். மற்றவர்கள் கொழுகொழுவென்று வீட்டுக்குப் போவார்கள். அவர்களிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குச் செவி பழுதாகும்.

பிறந்து 21 நாளுக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைரஸ் தென்பட்டால், அது கருவில் வந்தது. அதன் பின் தென்பட்டால் தாய்ப்பால் வழியாகவும் வந்திருக்கலாம். நிறைமாதக் குழந்தைக்கு அப்படி வந்தது காதைக் கெடுப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு இந்தக் கெடு எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

அங்கேதான், பிறந்த கையோடு எடுத்துச் சேமித்துவைத்த ரத்த அட்டை கைகொடுக்கிறது. பிறவி வளர்சிதைக் கோளாறு ஒன்றைக் கண்டறிய, குதிகாலில் குத்தி ரத்தத்தை வடிதாளில் உலர்த்தும் முறையை அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். வைரஸ் அவர் மனத்தில் இல்லை. அந்த உலர்ந்த பொட்டில் வைரஸின் டிஎன்ஏ தங்கியிருக்கிறது, பிசிஆர் முறையில் அதைப் பெருக்கிப் பார்க்கலாம் என்று 1990களில் ஜப்பானியரும் இத்தாலியரும் காட்டினார்கள். ஜப்பானியர் பெட்டியில் பாதுகாக்கும் காய்ந்த தொப்புள்கொடியிலும் இதைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். நாம் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவதும் அதே கொடிதான். (அதில் ஸ்டெம் செல் உயிரோடிருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பாதீர்கள். உயிரணு செத்துவிடும், டிஎன்ஏதான் எஞ்சும்.)

இன்று நான் அழுத்திச் சொல்ல வந்தது அட்டையின் குறையை. அதிலிருந்து துளைத்தெடுக்கும் 3 மில்லிமீட்டர் வட்டில் இருப்பது சுமார் 3 மைக்ரோலிட்டர் ரத்தம். சிறுநீரில் வைரஸ் ஏராளமாக இருக்கும் குழந்தைக்கும் ரத்தத்தில் அது மிகக் குறைவாக இருக்கலாம். சுரேஷ் பொப்பனா குழுவினர் 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றுள்ளவர்களில் மூன்றில் ஒருவரைத்தான் அட்டை காட்டிக்கொடுத்தது. மேம்பட்ட முறைகளோடு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் அது முக்கால் பங்கானது. அப்போதும் நால்வரில் ஒருவர் விடுபடுகிறார். 'இல்லை' என்று அறிக்கை வந்தால், அந்தப் பொட்டில் அகப்படவில்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும். 'நெகட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு அறிக்கையை முடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

அட்டையைச் சேமிப்பதிலும் வழக்குண்டு. எழுத்துமூல ஒப்புதலின்றிச் சோதனைக்கு அப்பால் அதை வைத்திருக்கவோ பயன்படுத்தவோ கூடாது என்று 2011இல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. பெற்றோர் மறுக்காதவரை வைத்திருக்கலாம் என்று 2014இல் சட்டம் மாறியது. அதே மினசோட்டா 2023இல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அட்டைவழியே இந்த வைரஸ் சோதனையைத் தொடங்கிய முதல் அமெரிக்க மாநிலமாயிற்று. கனடாவின் ஒன்டாரியோ 2019இலேயே தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அட்டையே கிடையாது. தாய்க்கு முன்பே தொற்று வந்துபோயிருந்தாலும் கருவுக்குப் பரவலாம். இந்தியத் தாய்மாரில் மிகப் பலர் அப்படிப்பட்டவர்களே. ஆகவே செவித்திறன் சோதனையில் தேறாத பச்சிளங்குழந்தைக்கு, மறுசோதனைத் தேதிக்குக் காத்திராமல், பால் குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து உமிழ்நீர் எடுத்து அனுப்புங்கள். வைரஸ் தெரிந்தால் சிறுநீரிலும் உறுதிசெய்யுங்கள். அறிகுறியுள்ள குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் மருந்தை ஆறு மாதம் கொடுத்தால் செவித்திறனில் ஓரளவு பலன் உண்டு என 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் மருந்தைத் தொடங்கியது பிறந்த முதல் மாதத்துக்குள்.