ஏற்காட்டின் கடைசி ‘டு’ எங்கே போச்சு?

இன்னைக்கு ஒரு ஊர்ப் பெயரைப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினா வர்ற ஏற்காடு.

ஸ்பானிஷ் கத்துக்கிறவங்களுக்கு முதல் பாடமே அசை பிரிக்கிறதும் அழுத்தமும்தான். ‘பப்பா’ன்னு ஒரு சொல். முதல் அசையை அழுத்தினா உருளைக்கிழங்கு, கடைசி அசையை அழுத்தினா அப்பா! தமிழ்ல அழுத்தம் பொருளை மாத்தாது. ஏற்காட்டை எங்கே அழுத்திச் சொன்னாலும் அதே ஊர்தான். நமக்குப் பொருளை மாத்துறது நீளம். படு, பாடு, பட்டு மூணையும் சொல்லிப் பாருங்க, புரியும்.

‘ஏரிக்காடு’தான் ஏற்காடு ஆச்சுன்னு பொதுவா சொல்லுவாங்க. அப்படின்னா, ஏ-ரிக்-கா-டு நாலு அசை. வேகமாப் பேசும்போது நடுவுல இருந்த ‘இ’ விழுந்து, ஏற்-கா-டு மூணு அசை ஆயிடுச்சு. யாப்புக் கணக்குல நேர் நேர் நேர், அதாவது தேமாங்காய். ஊர் இருக்கிற சேர்வராயன் மலையைப் பாருங்க: சேர்-வரா-யன். நேர் நிரை நேர், கூவிளங்காய்.

இப்போ ஆங்கில எழுத்துக்கு வருவோம். அதுல முன்னாடி ஒரு ‘ய’ ஒலி இருக்கும், கடைசி ‘டு’வுல உயிர் இருக்காது. ரெண்டுக்கும் காரணம் நம்ம வாய்தான். சொல் ‘ஏ’ல தொடங்கினா பேச்சுல லேசா ‘யே’ன்னு வரும். கடைசி ‘டு’ குற்றியலுகரம், ஒரு மாத்திரை அரை மாத்திரையாக் குறுகிடும். தொல்காப்பியம் பேசுற அந்த அரை மாத்திரை வெளியூர்க் காதுல விழல. ஈரோட்டுக்கும் இதே கதைதான்.

இதைத் திருத்தலாமா? 2020-ல தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களோட ஆங்கில எழுத்துக்கூட்டலை மாத்தி அரசாணை வெளியிட்டது. வேலூரோட ‘வே’ நெடில்னு காட்ட ‘இ’ எழுத்தை ரெண்டு தடவை போட்டாங்க. ஆங்கிலம் படிச்சவங்க அதை ‘வீலூர்’னு வாசிச்சாங்க. கிண்டலும் எதிர்ப்பும் கிளம்ப, சில நாள்லயே ஆணை வாபஸ்.

நெடிலுக்குன்னு தனி எழுத்தே இல்லாத எழுத்துமுறையில நெடிலைக் காட்ட முயன்றதுதான் அங்கே சிக்கல். எழுத்துக்கூட்டலை மாத்தினா பலகை மாறும். உச்சரிப்பு மாறணும்னா ஊர்க்காரங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும். ஊருக்கு வர்ற நண்பர்களுக்கு அந்த அரை மாத்திரை ‘டு’வை நீங்களே சொல்லிக் கொடுங்க.

உங்க ஊர்ப் பெயர்ல எத்தனை அசை? பிரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.