நீள்வட்டமும் மார்கழிக் குளிரும்

மார்கழிப் பனி வண்டிப்பெரியார்த் தேயிலைத் தோட்டங்களை மூடும்போது, கதிரவன் தொலைவில் போய்விட்டான் என்று எண்ணுகிறோம். அது மெய்யா? நீள்வட்டச் சமன்பாட்டை அறிந்தால் விடை கிடைக்கும்.

எக்ஸ் வர்க்கத்தை 25ஆலும் ஒய் வர்க்கத்தை 9ஆலும் வகுத்துக் கூட்ட, 1 வருவதாகக் கொள்வோம். மையம் ஆதிப்புள்ளியே. பெரிய எண்ணான 25 எக்ஸின் கீழ் இருப்பதால், நெட்டச்சு கிடையாக அமையும். 25இன் வர்க்கமூலம் 5. எனவே நெட்டச்சு 10. 9இன் வர்க்கமூலம் 3, குற்றச்சு 6. குவியங்களைக் காண 25இலிருந்து 9ஐக் கழிக்கவேண்டும், கூட்டலாகாது. மிஞ்சுவது 16, அதன் வர்க்கமூலம் 4. மையத்தின் இருபுறமும் 4 அலகுத் தொலைவில் குவியங்கள் உள்ளன. 4ஐ 5ஆல் வகுக்க வரும் 0.8 மையத்தொலைத் தகவாகும்.

புவியின் பாதையும் நீள்வட்டமே. கதிரவன் அதன் ஒரு குவியத்தில் உளன் என்று கெப்ளர் 1609இல் வெளியிட்டார். அப்பாதையின் அரை நெட்டச்சு ஏறத்தாழ 14.96 கோடி கிலோமீட்டர். மையத்தொலைத் தகவு 0.0167. இரண்டையும் பெருக்கினால் சுமார் 25 லட்சம். கதிரவன் மையத்தினின்று அவ்வளவு விலகியுள்ளான். ஆயினும் புவி அவனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், நம் மார்கழியிலேதான்! குளிருக்குக் காரணம் தொலைவன்று, புவியச்சின் சாய்வே. எம்மாநிலத்தில் வாழினும், நம் பிள்ளைகளுக்கு இக்கணக்கைத் தமிழில் சொல்லிக்கொடுப்போமாக.