உழைப்பைச் சொல்லும் ஆங்கிலம்

(கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். ஆங்கிலத்தை ஆபீசு மேசையில் கடிதம் கடிதமாகக் கற்றேன். கஷ்டத்தையும் உழைப்பையும் சொல்ல அந்த மொழியில் எத்தனையோ மரபுத் தொடர்கள் உண்டு. சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

ஓயாமல் உழைப்பவனை, சாணைக்கல்லை விட்டு மூக்கை எடுக்காதவன் என்பார்கள். நாம் செக்குமாடு என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். கை வலிக்கத் தேய்ப்பதற்கு முழங்கை நெய் என்று பெயர். எந்தக் கடையிலும் விற்காத நெய்! கடினமான காரியத்தை, கொத்துவதற்குக் கடினமான நிரை என்பது அமெரிக்க வயலில் பிறந்த பேச்சு. மேட்டு நிரை கிடைத்தவருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

பாருங்கள், சாணைக்கல்லும் மண்வெட்டியும் பாட்டாளியின் கருவிகள். இந்தப் பேச்சும் பாட்டாளியின் பேச்சே. ஆனால், அதை யார் யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இடுப்புவாரை இறுக்கு என்றும் ஒரு தொடர் உண்டு. நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்கிறோம். தானாகச் செய்தால் சிக்கனம். மேலேயிருந்து உத்தரவாக வந்தால்? 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை சரிந்தபோது மலாயாத் தோட்டங்களில் கூலி குறைந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். இறுகியது யார் வயிறு?

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முன்னின்றார். தொழிலாளர் கேட்டது என்ன? சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, பெண்களுக்குத் தொல்லையில்லாத வேலை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். கொடுமை செய்யும் கிராணிமாரை மாற்ற வேண்டும். கிராணியாகிய நானே இதைச் சொல்கிறேன்; மறைப்பது நியாயமல்ல. நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அந்தக் கோரிக்கைகளில் அலங்காரம் ஒன்றுமில்லை. படித்த எவருக்கும் பொருள் புரியாமல் போகாது.

ஆகவே, மனு எழுதிக் கொடுக்கும் கிராணித் தோழர்களே! "மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை மரம், எத்தனை மணிக்குப் பெரட்டு, மழையால் வெட்டு நின்ற நாள் எத்தனை, பால் எத்தனை கிலோ, கையில் கிடைத்தது எவ்வளவு என்று எழுதுங்கள். பால்மரம் வெட்டும் தோழர்களே, தாய்மார்களே! நீங்களும் ஒரு சின்ன நோட்டில் அன்றன்றைய கணக்கைக் குறித்து வையுங்கள். மாதச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்று 2025இல் வந்த சட்டமே எண்ணால்தான் பேசுகிறது. நம் மனுவும் எண்ணால் பேசட்டும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். கையில் கணக்கும் பின்னால் சங்கமும் இருந்தால் ஏறும் தோழர்களே!