தப்பியோடும் பன்றிக்குட்டி

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் பன்றி வளர்ப்போர் உளர். சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய குட்டி, பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே பழைய இடத்தைத் தேடி ஓடுகிறது. ஆதலின் உலர்ந்த மானாப்புல் பரப்பிய சிறு கொட்டிலில் அதனை அடைத்து வைத்தல் வேண்டும். பன்றி மூக்கால் கிளப்பும் பிராணி. அடிப்பலகையை மண்ணுள் புதைத்தல் நலம். வேளைதோறும் தகரத்தைத் தட்டித் தீனியிட்டால் அவ்வோசை அதற்குப் பழகிவிடும்.

ஓடிய குட்டியைத் துரத்தலாகாது. லயத்துச் சிறுவர் கூச்சலிட்டுத் துரத்தினால், அது தேயிலைச் செடிகளுக்கடியில் புகுந்து அடுத்த மலைக்கே போய்விடும்! கொட்டிலைத் திறந்துவைத்துத் தகரத்தைத் தட்டினால், பசித்த குட்டி திரும்பக்கூடும். சிறுத்தை உலவும் காடு அருகிருப்பின் இருட்டுமுன் மீட்பது அவசியம்.

2024இல் இலங்கையில் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. அது மருந்தில்லா நோய், காட்டுப்பன்றிகளையும் பற்றும். எனவே வெளியே திரிந்து மீண்ட குட்டியைத் தனியே வைத்து, மிருக வைத்தியரிடம் காட்டிய பின்னரே ஏனையவற்றோடு சேர்க்கலாம்.