அறுக்காமல் காக்கும் பல் மருத்துவம்



போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரின் ஜீப்புகள் காலையிலேயே போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவிடுகின்றன. பிள்ளையின் பல்வலிக்காகத் தாய் ஒரு நாள் தங்கினால் அந்நாட்கூலி போயிற்று. ஆகவே கிராம்பை வைத்து வலியை ஆற்றுகின்றனர். கன்னம் வீங்கிய பின்னரே மருத்துவரின் நினைவு வருகிறது. அப்போது பல்லைப் பிடுங்குவதே பெரும்பாலும் எஞ்சும் வழி.

சொத்தையைப் புழு அரிப்பதாக முன்னோர் எண்ணினர். உண்மையில் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனை மெல்ல மீட்டுத் தருகிறது. நாழிகைக்கொரு முறை இனிப்புத் தேநீர் பருகினால் மீட்சிக்கு நேரமேது? உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால், இரவுண்ணாமை நோற்கும் சமண இல்லங்களுக்கு ஒரு நன்மை உண்டு. பகலெல்லாம் இனிப்பைக் கொறிக்காதிருந்தால்!

சிகாகோ பேராசிரியர் ஜி.வி. பிளாக் வகுத்த பழைய நெறியில், சொத்தையைச் சுற்றிய நல்ல பகுதியையும் அகலமாக அறுத்தே அடைத்தனர். அடைப்பை மாற்றுந்தோறும் குழி பெருகியது.

1980களின் நடுவில் தான்சானியாவில் யோ பிரெங்கென் வேறு வழி கண்டார். மின்சாரமும் துளைப்பொறியும் வேண்டா. சிறு கரண்டி போன்ற கைக்கருவியால் மென்மையான சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்து, கண்ணாடி அயனோமர் சிமெண்ட்டால் அடைத்துவிடலாம். 1972இல் பிரிட்டனின் வில்சனும் கெண்ட்டும் அறிவித்த அச்சிமெண்ட் பல்லோடு தானே ஒட்டிக்கொண்டு ஃபுளூரைடையும் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. ஊசியும் பெரும்பாலும் தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் 1994இல் இம்முறையைப் பரிந்துரைத்தது.

சுரண்டவும் வேண்டாத வழியொன்றும் உண்டு. ஜப்பானில் 1970 முதல் வழங்கிவரும் வெள்ளி டையமீன் ஃபுளூரைடுத் துளியைத் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அவ்விடம் கருத்துப்போகும். பெண் குழந்தையின் முன்பல் என்றால் பெற்றோர் தயங்குவர். அத்தயக்கத்தை எள்ளலாகாது, முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் பெறுதல் வேண்டும். பாற்பல்லாயின் விழுந்து முளைக்கும்வரைதான் அக்கறை. இவ்விரு பொருள்களையும் 2021இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இரவில் தானே எழும் வலிக்கும், ஈறு வீங்கிச் சீழ் கண்ட பல்லுக்கும் இவை பயன்படா, மருத்துவமனைக்கே செல்லவேண்டும். மலைச்சரிவில் பல் முகாம் நடத்தும் அறக்கட்டளைகள், பிடுங்கும் குறடோடு இக்கைக்கருவிகளையும் கொண்டுவருமாறு மருத்துவரை முன்னரே கேட்டுக்கொள்ளட்டும். நாளையும் தோட்டத்தில் கூலி போகாத நாளாகக் குறிக்கட்டும்.