மூளைக்கு மாத்திரை உண்டா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. மின்துறைப் பொறியாளன். "மூளையைப் பற்றிப் பேச நீ யாருப்பா?" என்று செயலாளர் என்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பத்து வருடமாக ஷிப்ட் வேலை பார்க்கிறவன் என்ற முறையில், தூக்கத்தை விழுங்கும் மாத்திரைகளை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

'நூட்ரோபிக்' என்ற சொல்லை 1972-ல் உருவாக்கியவர் கோர்நெலியு ஜுர்ஜியா என்ற ருமேனிய விஞ்ஞானி. மனம், திருப்பம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அதற்கு முன்பே, 1964-ல், பெல்ஜியத்தின் யூசிபி நிறுவனத்தில் பைராசிட்டம் என்ற மருந்தை அவர் தயாரித்திருந்தார். நினைவாற்றலைக் கூட்ட வேண்டும், மூளைக்குப் பாதுகாப்பு தர வேண்டும், பக்கவிளைவு அநேகமாக இருக்கக் கூடாது என்பது அவர் வகுத்த இலக்கணம். இன்று கடையில் அந்தப் பெயரோடு விற்கிறவற்றில் பாதிக்கு மேல் இந்த இலக்கணத்தில் தேறாது என்பது என் கருத்து. பைராசிட்டமே மறதி நோய்க்குப் பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் அதை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அது உடம்பை விட்டு வெளியேறும் வழியே சிறுநீரகம்தான்.

நம்ம எல்லோருக்கும் தெரிந்த நூட்ரோபிக் ஒன்று இருக்கிறது: காபி. களைப்பு ஏற ஏற மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது உட்கார வேண்டிய நாற்காலியில் காபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். டாங்கில் பெட்ரோல் ஏறவில்லை, முள்ளை மட்டும் துணி போட்டு மூடிவிட்டோம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை என்கிறார்கள். தேயிலையில் காபீனோடு தியானின் என்ற ஒன்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கவனம் சிறிது கூடுவதாகச் சோதனைகள் உண்டு. ஆக, நாயர் கடை டீயைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது வல்லாரை. பரீட்சை வந்தால் வல்லாரைத் துவையல் அரைக்காத வீடு நம்ம பக்கம் குறைவு. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'பிராமி' என்ற பெயரில் இரண்டு செடிகள் விற்கின்றன. வட்ட இலை கொண்ட வல்லாரை ஒன்று. நீரோரத்தில் சின்னச் சின்னச் சதைப்பற்றான இலையோடு படரும் நீர்ப்பிரமி இன்னொன்று. இரண்டும் வேறு வேறு குடும்பம். நினைவாற்றல் குறித்த நல்ல பரிசோதனைகள் அதிகம் நடந்தது நீர்ப்பிரமியில்தான். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆய்வு நிலையம் இதில் நிறைய உழைத்திருக்கிறது. தினமும் 300 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் தெரிய 12 வாரம்போல ஆயிற்று. அந்தப் பலனும் சுமார்தான். நாளை மறுநாள் பரீட்சை, இன்றைக்கு வாங்கிக் கொடுக்கிறேன் என்கிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிலருக்கு வயிற்றுப்போக்கு ஒன்றுதான் உடனே கிடைக்கும்!

ஜிங்கோ கதை வேறு. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை வைத்து, சராசரியாக ஆறு வருடம், தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. மறதி நோயை அது தடுக்கவில்லை. பாட்டில்கள் மட்டும் இன்னும் விற்கின்றன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

என் அம்மாவுக்கு மறதி வந்தபோது உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு ஜிங்கோ பாட்டிலைத்தான் ஆசையாக வாங்கி வந்தார். அம்மா சுத்த சைவம். சர்க்கரைக்காக மெட்பார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறார். அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும், பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கு என்பார். எங்கள் ஊர் டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பி12 பாருங்க" என்றார். படுமோசமாகக் குறைந்திருந்தது. ஊசி போட ஆரம்பித்தோம். நாலைந்து மாதத்தில் பால் கணக்கை அம்மாவே மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். சைவ உணவு, மெட்பார்மின் இரண்டுமே பி12-ஐக் குறைக்கும். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். இங்கே அமர்ந்திருக்கும் நம் வயதுக்காரர்களின் அப்பா அம்மா எல்லாம் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். மாத்திரைக்குக் கொடுக்கும் காசில் முதலில் இந்த இரண்டு இரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

இனி அலுவலக விஷயம். மோடாபினில் அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்றது, கட்டுக்கடங்காத பகல் தூக்க நோய்க்காக. நம் நாட்டில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனாலும் கிடைக்கிறது. அதன் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 4 மணிக்குப் போட்டால் விடியற்காலையிலும் பாதி உள்ளேயே இருக்கும். என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி மூன்று இரவு இப்படி ஓட்டினான். நாலாம் நாள் நெஞ்சு படபடப்போடு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மாத்திரை போட்ட?" அவன் சொல்லத் தயங்கினான். அந்தத் தயக்கம்தான் எனக்கு மாத்திரையை விடப் பயமாக இருந்தது. கடுமையான தோல் ஒவ்வாமை, மனக்கோளாறு ஆகியவற்றைக் காட்டி 2010-ல் ஐரோப்பிய மருந்து ஆணையம் இதன் உபயோகத்தைச் சுருக்கச் சொன்னது. கருத்தடை மாத்திரையின் வேலையையும் இது கெடுக்கும். இதைப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை.

சரி, மாத்திரை போட்டால் மூளையாவது கூர்மையாகிறதா? ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பில் படித்த 'நாப்சாக்' கணக்கு ஞாபகம் இருக்கிறதா? (பின் பெஞ்சு நண்பர்கள் மன்னிக்கவும்.) ஒரு பை, எடைக்கு வரம்பு, விலை வேறு எடை வேறாகப் பல பொருள்கள்; எவற்றை எடுத்தால் அதிக மதிப்பு? 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் நோயில்லாத 40 பேருக்கு மோடாபினில், மெத்தில்பெனிடேட், டெக்ஸ்ட்ரோ ஆம்பெட்டமின், வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொன்னார்கள். மருந்து போட்டவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், பொருள்களை அதிகமாக எடுத்து எடுத்து வைத்தார்கள். பையில் சேர்ந்த மதிப்போ குறைந்தது! வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேல் இருந்தவர்களே மருந்தில் சராசரிக்குக் கீழே இறங்கினார்கள். மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கிறது, தண்ணீர் மட்டும் மேலே ஏறவில்லை. நம் தொழிலில் இதற்கு என்ன சொல்வோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இணையத்தில் வாங்கும் கலவைப் பாட்டில்கள் பற்றி ஒரு வார்த்தை. 2020-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்டவற்றைச் சோதித்தபோது அங்கே அனுமதியே இல்லாத ஐந்து மருந்துகள் உள்ளே இருந்தன. அதில் பெனிபட் என்பது பழகிவிட்டால் நிறுத்தும்போது ஆளையே ஆட்டிவிடும். லேபிளை நம்பிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்று நீட் பயிற்சிக்கு அனுப்பும் இரண்டு நண்பர்கள் நேற்றிரவு என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தூங்கவிடுங்கள் என்றேன். படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான் என்பதற்கு எந்த மாத்திரையை விடவும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மத்தியான வெயிலில் இதுவரை தூங்காமல் கேட்டீர்கள். வெளியே காபி தயாராக இருக்கிறதாம். யாராவது இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அட்டையோடு நம் மருத்துவ நண்பர்களிடம் காட்டுங்கள், மூன்றாவது வரிசையில் இருவர் இருக்கிறார்கள்.